பழைய பிக்கப் எஞ்சினில் ஃப்ரீஸ் ப்ளக் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் ஃப்ரீஸ் ப்ளக் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். வார்ப்பிரும்பு பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சினின் உடல்) உள்ள பெட்ரோல், டீசல் எஞ்சின் இரண்டுக்கும் இது பொருந்தும். ப்ளக் மலிவான பொருள்தான். வேலை நிற்பதும் கெடுவதும் துளையை எவ்வளவு சுத்தம் செய்தீர்கள், கழற்றியதை மாட்டும் முன் பிரஷர் சோதனை செய்தீர்களா என்பதில்தான் இருக்கிறது.

1. ஃப்ரீஸ் ப்ளக்னா என்ன? நல்லா இருக்கிற பிளாக்ல எதுக்கு ஓட்டை போட்டு மூடி வைக்கிறாங்க?

பிளாக்கை வார்க்கும்போது, சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில் மணலால் செய்த கரு ஒன்றை வைப்பார்கள். உருகிய இரும்பு ஊற்றும்போது அந்தக் கரு அசையாமல் நிற்கப் பக்கவாட்டில் தாங்கிகள் வேண்டும். வார்ப்பு ஆறிய பிறகு மணலை வெளியே கொட்ட வழியும் வேண்டும். இந்த இரண்டு வேலைக்காகவும் விடப்பட்ட துளைகளைக் கடைந்து வட்டமாக்கி, பெரும்பாலும் கிண்ண வடிவில் இருக்கும் மெல்லிய உலோக மூடியை இறுக்கி அடித்துவிடுகிறார்கள். அந்த மூடிதான் இது.

கோர் ப்ளக் என்பதுதான் சரியான பெயர். வெல்ஷ் ப்ளக், ஃப்ராஸ்ட் ப்ளக், டம்மி என்றும் சொல்வார்கள். கடையில் எந்தப் பெயரில் கேட்டாலும் கூடவே அளவையும் வடிவத்தையும் சொல்லுங்கள்.

2. தண்ணி உறைஞ்சா ப்ளக் வெளியே வந்து பிளாக்கைக் காப்பாத்திடும்னு சொல்றாங்களே?

நம்பி இருக்காதீர்கள். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் சில சமயம் ப்ளக் முதலில் பிடுங்கிக்கொள்ளும், சில சமயம் பிளாக்கின் சுவர் முதலில் விரிசல் விடும். ப்ளக்கை அதற்காக வைக்கவில்லை. உறைந்துதான் ப்ளக் வெளியே வந்தது என்றால், புதியதை அடித்ததும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். முழுக் கூலிங் சிஸ்டத்தையும் பிரஷர் சோதனை செய்து, பிளாக்கின் வெளிச்சுவரில் முடி போன்ற ஈரக்கோடு தெரிகிறதா, ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. உறையிற குளிரையே பார்க்காத வண்டி. அப்புறம் எப்படி ப்ளக் ஓட்டையாகும்?

பெரும்பாலான ப்ளக்குகள் துருவால்தான் போகின்றன. கூலன்டில் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) துருத்தடுப்பு மருந்து கலந்திருக்கும், அது காலப்போக்கில் தீர்ந்துபோகும். அதை மாற்றாமல் விட்டாலும், வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டினாலும் உள்ளே துரு ஆரம்பித்துவிடும். பிளாக்கின் சுவர் பல மில்லிமீட்டர் கனம், ப்ளக்கோ தகரம். அதனால் முதலில் அதுதான் அரிக்கும்.

கழற்றிய பழைய ப்ளக்கைத் திருப்பிப் பாருங்கள். வெளிப்பக்கம் பெயின்ட்டோடு நன்றாகவே இருக்கும். உட்பக்கத்தில், குறிப்பாக அடிப்பாதியில், ஈரக் காபித்தூள் போலச் சேறு ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டினால் கீழே குழி குழியாக அரித்திருக்கும். வண்டல் தங்கும் இடத்தில்தான் ஓட்டை விழுகிறது.

4. ஒழுகுறது ப்ளக்லேர்ந்துதான்னு எப்படி உறுதிப்படுத்திக்கிறது?

எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டரில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, ரேடியேட்டர் மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரைக்கும் பம்ப் செய்யுங்கள். பழைய பிக்கப்களில் அது பெரும்பாலும் 13 முதல் 16 பிஎஸ்ஐ. அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். கால் மணி நேரம் விட்டு, டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்து பிளாக்கின் பக்கவாட்டைப் பாருங்கள். ஓட்டும்போது எக்ஸாஸ்ட் சூட்டில் ஆவியாகிவிடும் சொட்டு இப்போது கண்ணுக்குத் தெரியும்.

ஈரத்தை மேலிருந்து கீழே தேடுங்கள். வாட்டர் பம்ப், ஹோஸ், ஹெட் கேஸ்கெட், இன்டேக் மேனிஃபோல்டின் பின்மூலை ஆகியவற்றில் ஒழுகுவதும் வழிந்து வந்து ப்ளக்கின் விளிம்பில் தொங்கும். ப்ளக்கே ஒழுகினால் அதிலிருந்து கீழ்நோக்கித் துருக்கறையோ காய்ந்த கூலன்டின் பொருக்கோ வால் மாதிரி இறங்கியிருக்கும். அதற்கு மேலே காய்ந்திருக்கும்.

5. ஒண்ணுதான் ஒழுகுது. அதை மட்டும் மாத்தினா போதாதா?

மற்றவையும் அதே வயது, அதே கூலன்டில் ஊறியவை. கை எட்டும் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். முக்கியமாக, ஒன்றுக்காக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்த் தொகுதி) கழற்றினீர்கள் என்றால் அந்தப் பக்கத்தில் இருப்பதை எல்லாம் முடித்துவிடுவதுதான் நியாயம். கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவை வேறு கதை, கேள்வி 18-இல் பாருங்கள்.

6. பித்தளை நல்லதா, இரும்பு நல்லதா?

கையால் அடிக்கும் வேலைக்குப் பித்தளை. அது இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. மென்மையாக இருப்பதால் துளையின் வடிவத்துக்கு இணங்கி இறங்கும். சூடேறும்போது வார்ப்பிரும்பை விட அதிகம் விரிவதால் பிடி இன்னும் இறுகும். கூலன்டை ஒழுங்காக மாற்றி வந்தால் இரும்பு ப்ளக்கும் நெடுங்காலம் தாங்கும், அதில் குறை ஒன்றும் இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவுக்கு நல்லது, ஆனால் விறைப்பானது. குறுகலான இடத்தில் படுத்துக்கொண்டு நேராக அடிப்பது கடினம்.

7. அளவு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பழசை அளந்து வாங்கலாமா?

பழையதைப் பிடுங்கும்போதே அது நெளிந்துவிடும், அதன் அளவு பொய் சொல்லும். துளையைச் சுத்தம் செய்துவிட்டு வெர்னியரால் இரண்டு திசையில் அளக்க வேண்டும். ப்ளக் துளையை விட மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு பெரிதாக இருக்கும். அந்த வித்தியாசம்தான் பிடி.

பெயரளவுகளைத் தெரிந்து வைத்திருந்தால் குழப்பம் குறையும். அமெரிக்க எஞ்சின்களில் அங்குல அளவு வரும்: 1½ அங்குலம் என்றால் 38.1 மி.மீ., 1⅝ என்றால் 41.3, 1¾ என்றால் 44.5. செவர்லே ஸ்மால் பிளாக் வி8-இன் பக்கவாட்டு ப்ளக் 1⅝ அங்குலம். ஜப்பானிய எஞ்சின்களில் மில்லிமீட்டர் அளவு. 41.3-க்குப் பதில் 40 மி.மீ. கிடைத்தது என்று சீலரைப் பூசி ஒப்பேற்ற முடியாது. ஒரே பிளாக்கில் இரண்டு மூன்று அளவுகள் இருப்பதும் உண்டு, எல்லாத் துளையையும் அளந்த பிறகே வாங்குங்கள்.

8. எஞ்சினை இறக்காம செய்ய முடியுமா?

பக்கவாட்டு ப்ளக்குகளை முடியும். ஒவ்வொன்றின் முன்னாலும் என்ன மறைக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஸ்டார்ட்டர் மோட்டார், எஞ்சின் மவுண்ட் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். மேனிஃபோல்டு போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் ஆயில் விட்டு ஊற வையுங்கள். அவசரப்பட்டு ஒரு போல்ட்டை முறித்தால், ப்ளக் வேலையை விட அதை எடுப்பது பெரிய வேலையாகிவிடும். ஸ்டார்ட்டரைத் தொடும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.

மவுண்டின் பின்னால் இருந்தால் எஞ்சினைச் சில சென்டிமீட்டர் தூக்க வேண்டும். மேலிருந்து சங்கிலியில் தொங்க விடுவது நல்லது. ஆயில் பேனுக்கு நேராக ஜாக்கியைக் கொடுத்தால் பேன் நசுங்கி, ஆயில் பம்ப்பின் சல்லடைக்கு மூச்சு முட்டும். தூக்கும்போது ஒருவர் மேலே நின்று கவனிக்கட்டும்: ஃபேன் முன்கூட்டில் இடிக்கும், டிஸ்ட்ரிப்யூட்டர் பின்சுவரில் மோதும், ஹோஸ் இழுபடும்.

9. என்னென்ன சாமான் எடுத்து வச்சுக்கணும்?

ப்ளக்குகள் தேவைக்கு மேல் இரண்டு, ஏனென்றால் கோணலாகப் போனதை மறுபடி அடிக்கக் கூடாது. மொட்டை முனைப் பஞ்ச், ஒரு கிலோ சுத்தியல், வாட்டர் பம்ப் ப்ளையர், ப்ளக்கின் கிண்ணத்துக்குள் ஏறத்தாழ அடைத்துக்கொண்டு போகும் ஸாக்கெட், நீள எக்ஸ்டென்ஷன். 180 முதல் 220 வரையான உப்புத்தாள், கம்பி பிரஷ், பிரேக் க்ளீனர், சீலர், புது மேனிஃபோல்டு கேஸ்கெட். வடிக்க அகலப் பாத்திரம். கண் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கட்டாயம்.

10. பழைய ப்ளக்கை எப்படி எடுக்கிறது? நெம்பினா வர மாட்டேங்குது.

முதலில் வடிப்பது. ரேடியேட்டரை வடித்தாலும் பிளாக்குக்குள் நிறையத் தண்ணீர் நின்றுவிடும். பிளாக்கின் கீழ்ப்பகுதியில் வடிகால் போல்ட் இருக்கும். அதைத் திறந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் சேறு அடைத்திருக்கிறது, கம்பியால் குத்துங்கள். அதன் பிறகும் ப்ளக் அசைந்ததும் ஒரு மடக்கு முகத்துக்கு நேராக வரும், தள்ளிப் படுங்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாயோ பூனையோ குழந்தையோ கிட்டே வராதபடி மூடி வையுங்கள்.

இப்போது பஞ்ச்சைக் கிண்ணத்தின் அடித்தளத்தில், ஓரத்தை ஒட்டி வைத்து அடியுங்கள். நடுவில் அடிக்காதீர்கள். ஒரு பக்கம் உள்ளே போக, எதிர்ப்பக்கம் வெளியே எழும். ஒரு காசு கதவுபோல் திரும்பி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பியதும் எழுந்த விளிம்பை ப்ளையரால் கவ்வி, பிளாக்கின் மேல் ப்ளையரைச் சாய்த்து நெம்பினால் வந்துவிடும். உள்ளே ஒரு விரல் தடிமன் தள்ளி சிலிண்டர் சுவர் இருக்கலாம், ஆகவே சின்னச் சின்ன அடிகளாக. உளியை உபயோகிக்க வேண்டாம், துளையின் முகத்தில் கீறல் விழும்.

திரும்ப மறுத்தால் ப்ளக்கின் நடுவில் சிறு துளை போட்டு, ஸ்க்ரூ ஏற்றி, ஸ்லைடு ஹேமரால் (தண்டில் சறுக்கும் எடையால் வெளியே இழுக்கும் கருவி) இழுக்கலாம். துளையிடும்போது தகரத்தைத் தாண்டியதும் நிறுத்திவிட வேண்டும்.

11. ப்ளக் உள்ளே விழுந்திடுச்சு. அப்படியே விட்டுடலாமா?

விடாதீர்கள். அது உருண்டு போய்த் தண்ணீர் ஓட்டத்தை மறிக்கும், அந்தச் சிலிண்டர் அதிகம் சூடாகும். இரும்பு ப்ளக் என்றால் காந்தக் குச்சியால் துளைக்கு நேரே கொண்டுவந்து, குறுக்காகத் திருப்பி, ப்ளையரால் எடுக்கலாம். பித்தளை காந்தத்தில் ஒட்டாது, வளைந்த கம்பியால் தூண்டில் போட வேண்டும். ப்ளக் துளையை விடப் பெரிது என்பதால் நேராக வராது, ஓரத்தை மடக்கித்தான் எடுக்க முடியும்.

12. துளையை எவ்வளவு சுத்தம் பண்ணணும்? கொஞ்சம் கறுப்பா இருந்தா பரவாயில்லையா?

வெள்ளை உலோகம் தெரிய வேண்டும். பழைய சீலர், துரு, பெயின்ட் எல்லாம் போகும் வரை உப்புத்தாளை விரலில் சுற்றி, துளையின் வட்டத்தோடு சுழற்றித் தேயுங்கள். உள்ளிருந்து வெளியே தேய்த்தால் அதே திசையில் கோடுகள் விழும், ஒவ்வொரு கோடும் தண்ணீர் கசிய ஒரு வாய்க்கால். நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டுப்படுவதெல்லாம் ஒழுகக்கூடிய இடம். கடைசியில் பிரேக் க்ளீனர் தெளித்து, நூல் விடாத துணியால் துடைத்து உலர விடுங்கள்.

உப்புத்தாளை எடுக்கும் முன்பே, துளை திறந்திருக்கும் இந்த நேரத்தில் உள்ளே இருக்கும் சேற்றை வளைந்த கம்பியால் கிளறி, ஹோஸால் பீய்ச்சி வெளியேற்றுங்கள். பிளாக்கின் பின்கோடிச் சிலிண்டர்களைச் சுற்றித்தான் அது அதிகம் படியும். எஞ்சினைத் திறக்காமல் அங்கே கை போகும் வாய்ப்பு இது ஒன்றுதான்.

13. சீலர் போடணுமா, வெறுமனே அடிக்கலாமா? சிலிகான் போதுமா?

துளையும் ப்ளக்கும் புத்தம் புதியதாக இருந்தால் வெறுமனேயும் நிற்கும். பழைய பிளாக்குக்குச் சீலர் போடுங்கள். இறுகிக் கெட்டியாகாத கேஸ்கெட் சீலர் ஒன்று. காற்றுப் படாத இடத்தில் இறுகும் ரிடெய்னிங் காம்பவுண்ட் இன்னொன்று. இரண்டாவதற்கு எண்ணெய்ப் பசையே இருக்கக் கூடாது. துளையின் முகத்திலும் ப்ளக்கின் சுற்றுச்சுவரிலும் மெல்லிய பூச்சு போதும்.

சிலிகானைத் தவிர்ப்பது நல்லது. கெட்டியாகும் வரை அது வழுக்கலாக இருப்பதால் ப்ளக் கோணலாகச் சறுக்கும். அதிகமானது உள்ளே பிதுங்கிக் கூலன்டோடு போய் ஹீட்டரின் குழாயில் அடைக்கும்.

14. ப்ளக்கை ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா சுலபமா இறங்குமாமே?

41 மி.மீ. பித்தளை ப்ளக் 40 டிகிரி குளிர்ந்தால் சுருங்குவது சுமார் 0.03 மி.மீ. பிடிமானமோ 0.1, 0.2 மி.மீ. கொஞ்சம் உதவும். ஆனால் வெளியே எடுத்ததும் அதன் மேல் வியர்த்து ஈரமாகிவிடும், சீலர் ஒட்டாது. நேராக அடிப்பதில் அந்த அக்கறையைச் செலுத்துங்கள்.

15. எந்தப் பக்கம் உள்ளே போகணும்? எவ்வளவு ஆழம்?

கிண்ண ப்ளக்கின் திறந்த வாய் உங்களைப் பார்க்க வேண்டும். அதன் சுவர் வெளிவிளிம்பை நோக்கி இம்மியளவு அகன்று போகும், அந்த அகன்ற விளிம்புதான் அடைக்கிறது. அதனால்தான் விளிம்பில் சுத்தியல் படக் கூடாது. ஸாக்கெட்டைக் கிண்ணத்துக்குள் வைத்து அடித்தளத்தின் ஓரத்தில் பலம் இறங்கும்படி அடியுங்கள். சிறிய ஸாக்கெட்டை நடுவில் வைத்து அடித்தால் அடித்தளம் குழிந்து சுவரை உள்ளே இழுத்துக்கொள்ளும், பிடி போய்விடும்.

முதல் இரண்டு மூன்று தட்டு மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் நிறுத்திச் சுற்றிலும் சமமாக இறங்குகிறதா என்று பாருங்கள். நேராக உட்கார்ந்த பிறகு திடமாக அடியுங்கள். இறங்கும்போது சத்தம் மந்தமாக மாறும். துளையின் வாயில் சரிவாகச் சீவியிருக்கும் பகுதியைத் தாண்டி விளிம்பு சுமார் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் கடைந்த பரப்பை விட்டு நழுவும். சுத்தியல் வீச இடமில்லை என்றால், சேஸிஸ் சட்டத்துக்கும் ஸாக்கெட்டுக்கும் நடுவே நீள போல்ட்டும் நட்டும் வைத்து, நட்டைத் திருகித் தள்ளலாம். கிடுக்கி மாதிரி மெதுவாக, நேராக இறங்கும்.

கோணலாகப் போனால் எதிர்ப்பக்கம் தட்டி ஒரு முறை திருத்திப் பார்க்கலாம். திருந்தவில்லை என்றால் பிடுங்கிவிட்டு வேறு புதியது.

16. என் எஞ்சின்ல கிண்ணம் மாதிரி இல்ல, லேசா மேடான தட்டு மாதிரி இருக்கு. அதுக்கும் இதே முறையா?

அது வேறு வகை. துளைக்குள் ஒரு படி இருக்கும், தட்டு அதன் மேல் உட்காரும். மேடான பக்கம் வெளியே. துளையின் விட்டத்தில் பாதி அளவுள்ள தண்டை நடுவில் வைத்து ஒரே திடமான அடி. மேடு தட்டையாகும்போது விளிம்பு விரிந்து துளையைக் கவ்விக்கொள்ளும். தட்டையானதும் நிறுத்துங்கள். உள்ளே குழிந்துவிட்டால் விட்டம் மறுபடி சுருங்கிவிடும், அதை எறிந்துவிடுங்கள்.

17. நட்டு இறுக்கினா விரியிற ரப்பர் ப்ளக் விக்கிறாங்களே, அது போடலாமா?

அவசரத்துக்கும், சுத்தியல் போகாத மூலைக்கும் போடலாம். அதிகம் இறுக்கினால் ரப்பர் பிதுங்கி வெளியே வந்துவிடும். சூடு ஆறிய பிறகு ஒரு முறை இறுக்கம் பாருங்கள். எக்ஸாஸ்ட் குழாய்க்கு மிக அருகில் வேண்டாம், ரப்பர் வெந்துபோகும். கையால் எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் போடவே கூடாது.

18. பெல் ஹவுசிங் அடியில சொட்டுது. அங்கேயும் ப்ளக் இருக்கா?

பெல் ஹவுசிங் என்பது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு. அதற்குள் மறைந்திருக்கும் பின்முகத்தில் பல பிளாக்குகளுக்கு ப்ளக் இருக்கும். அதை மாற்ற கியர்பாக்ஸையும் ஃப்ளைவீலையும் கழற்ற வேண்டும், வேறு வழி இல்லை. அவ்வளவு வேலைக்கு முன் சொட்டுவது என்ன என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஆயில் என்றால் அது கிராங்க் சீலாகவோ, கேம்ஷாஃப்டின் பின்கோடியை அடைக்கும் ப்ளக்காகவோ, ஆயில் கேலரி (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் பாதை) ப்ளக்காகவோ இருக்கும். கேம் ப்ளக்கும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், ஆனால் அதை ஆழமாக அடித்தால் கேம்ஷாஃப்டில் முட்டும். கூலன்ட் என்றால் கேள்வி 4-இல் சொன்னபடி மேலிருந்து வழிகிறதா என்று தீர்த்துக்கொள்ளுங்கள். கிளட்ச் வேலைக்காக எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கினால், ஒழுகாவிட்டாலும் பின்ப்ளக்குகளை மாற்றிவிடுங்கள்.

19. துளையோட முகமே அரிச்சுக் குழியா இருக்கு. என்ன செய்யலாம்?

நகம் லேசாகத் தட்டும் குழி என்றால் ரிடெய்னிங் காம்பவுண்ட் நிரப்பிவிடும். அதை விட ஆழமானால் உலோக எபாக்ஸியைக் குழியில் நிரப்பி, இறுகிய பிறகு வட்டத்துக்குத் தேய்த்து, அதன் பிறகு ப்ளக் அடிக்கலாம். சில அளவுகளில் கூடுதல் விட்டமுள்ள ப்ளக் கிடைக்கும். அதற்குத் துளையைச் சரியாகப் பெரிதாக்க வேண்டும். எஞ்சின் வெளியே இருந்தால் மட்டுமே அந்த வேலையை எடுங்கள்.

20. எல்லாம் மாட்டின பிறகு மறுபடி ஒழுகினா?

அந்த நிலைமை வராமலிருக்க, மேனிஃபோல்டையும் ஸ்டார்ட்டரையும் மாட்டும் முன்பே சோதித்துவிடுங்கள். சீலர் டப்பாவில் சொன்ன நேரம் கழியட்டும், ஒரு முழு நாள் விட்டால் நிம்மதி. தண்ணீர் நிரப்பி, மூடியின் அழுத்தத்துக்கு ஏற்றி, அரை மணி நேரம் விடுங்கள். ஒவ்வொரு ப்ளக்கின் அடிவிளிம்பிலும் உலர்ந்த காகிதத்தை ஒற்றி எடுங்கள். காகிதம் உலர்ந்தே வந்தால் மட்டும் மற்றதை மாட்டுங்கள். தண்ணீரை வடித்துவிட்டு, கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி ஊற்றுங்கள். எத்திலீன் கிளைகால் கலவை என்றால் அது சுமார் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. ஹீட்டரைத் திறந்து வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். ஆறியதும் குறைந்த அளவை நிரப்புங்கள்.

21. ரேடியேட்டர்ல ஊத்துற லீக் அடைப்பான் போட்டா இத்தனை பாடு வேண்டாமே?

ஊசிமுனைக் கசிவு சில காலம் நிற்கும். ப்ளக் தகரம் தொடர்ந்து அரித்துக்கொண்டுதான் இருக்கும். அந்த மருந்து ஏற்கெனவே சேறு நிறைந்த எஞ்சினில் ஹீட்டரையும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். ஒரு ப்ளக்கைக் காப்பாற்ற ரேடியேட்டரை மாற்றும்படி ஆகலாம்.

22. சரியாத்தான் அடிச்சோம். ஆனா அதே ப்ளக் ரெண்டாவது தடவையும் பிடுங்கிட்டு வந்திடுச்சு. ஏன்?

அளவையும் துளையையும் முதலில் சந்தேகப்படுங்கள் (கேள்வி 7, 12). அரை மில்லிமீட்டர் சிறிய ப்ளக் சீலரின் தயவில் சில நாள் நிற்கும், சூடேறி அழுத்தம் கூடியதும் கிளம்பிவிடும்.

அளவு சரி, துளை சுத்தம் என்றால் அழுத்தம் எங்கிருந்தோ அளவுக்கு மீறி வருகிறது. ரேடியேட்டர் மூடியின் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், மூடியைத் தனியாகச் சோதியுங்கள். மூடி நல்லது என்றால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள், தண்ணீர் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்தால், எரிந்த வாயு தண்ணீர்ப் பாதையில் புகுகிறது. கூலன்டில் எரிந்த வாயு இருந்தால் நிறம் மாறும் சோதனைத் திரவம் கிடைக்கிறது, அதை வைத்து உறுதிப்படுத்திக்கொண்டு ஹெட்டைக் கழற்றுங்கள். அதைச் சரிசெய்யாமல் மூன்றாவது ப்ளக்கை வாங்க வேண்டாம்.